ஹார்டு டிரைவுக்கு முகம் எது?

எதை வாங்கினாலும் தீர விசாரித்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று பெருமையடித்துக்கொள்கிற ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்விசிறி வாங்கப் போனால் இறக்கை என்ன உலோகம் என்று கேட்பார்கள். குக்கர் வாங்கப் போனால் கடைக்காரரையே உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வியாதி உண்டு. விசாரித்து முடித்ததுமே அந்தப் பொருளைப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் கவலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

சேலையூரில் மாமனார் வீட்டு மாடியில் நானும் என் மனைவி கவிதாவும் குடியிருக்கிறோம். (வீட்டோடு மாப்பிள்ளை இல்லை. வாடகைக்குத்தான். இதை யார் கேட்டாலும் எழுதிக்கொடுக்கத் தயார்.) கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் வேலை. வீடியோ எடுப்பதும் அதை வெட்டி ஒட்டுவதும் பொழுதுபோக்கு. உறவில் யார் வீட்டில் காது குத்தினாலும் கேமராவோடு போய் நிற்பேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வராதே என்றும் யாரும் சொல்லாததால் அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். குன்றத்தூரில் மலையடிவாரத்து மண்டபம் ஒன்றைப் பேசி முடித்தார்கள். வீடியோவுக்கு யாரைச் சொல்லலாம் என்று பேச்சு வந்தபோது, "வெளியாள் எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டேன். மாமனார் கவிதாவைப் பார்த்தார். கவிதா தரையைப் பார்த்தாள். மாமியார்தான், மாப்பிள்ளை ஆசையாகக் கேட்கிறார், எடுக்கட்டுமே என்று உத்தரவு கொடுத்தார். அன்றைக்கு அத்தை மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தலையில் இன்னும் கொஞ்சம் கருப்பு மிச்சம் இருந்திருக்கும்.

என் கேமரா ஒன்று, அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கியது ஒன்று. இரண்டிலும் உள்ளதிலேயே உயர்ந்த தரத்தை வைத்து எடுத்துத் தள்ளினேன். ஐயர் கண்ணைச் சிமிட்டினால் இமைமுடியை எண்ணலாம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால் இடமே இல்லை என்றது. அலுவலகக் கோப்புகளையும் எங்கள் தேனிலவுப் படங்களையும் அழித்து (கவிதாவுக்கு இது இன்னும் தெரியாது, இப்போது தெரிந்திருக்கும்) கொஞ்சம் இடம் பண்ணினேன். இருந்தும் எடிட்டிங் நகரவில்லை. மாமனார் தாலியைக் கையில் எடுப்பார், அப்படியே நின்றுவிடுவார். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மாமியாரின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பார். முடிச்சு விழுவதற்குள் மறுபடியும் ஒருமுறை சமையலறைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

வேகமான வெளி ஹார்டு டிரைவ் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். விசாரணை தொடங்கியது. அலுவலகத்துக்குப் போகிற மின்சார ரயிலில் ஃபோனில் வீடியோ பார்த்து விசாரித்தேன், திரும்பிவருகிற ரயிலிலும் விசாரித்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் டிரைவை மாடிப்படியிலிருந்து உருட்டிவிடுவார். இன்னொருவர் அதைக் குளத்தில் எறிந்துவிட்டுப் பின்னாலேயே நீந்திப்போய் எடுப்பார். மூன்றாமவர் அதன்மேல் காரை ஏற்றுவார். எங்கள் வீட்டில் இதில் ஒன்றும் நடக்கப்போவதில்லை. ஆனாலும் எந்த டிரைவ் எதைத் தாங்கும் என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தூக்கத்தில்கூட அதன் வேகத்தைச் சொல்கிறேன் என்று கவிதா தன் அம்மாவிடம் புகார் செய்தாள். மாப்பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்று அத்தை யோசித்தாராம்.

கடைசியில் ரஃபீக்கிடம் போனேன். கல்லூரியில் என்னோடு படித்தவன். மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கையோடு பேசுவான். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காது குடைந்துகொண்டிருந்தான்.

"மச்சான், எடிட்டிங்குக்குச் சின்னதா ஒண்ணு வாங்கு. உள்ள சுத்துறது ஒண்ணும் கிடையாது, சல்லுனு போவும். பத்திரமா எடுத்து வெக்கிறதுக்குப் பெருசா ஒண்ணு வாங்கு. அது மெதுவாதான் ஓடும், ஓடட்டும். ரெண்டு டப்பா."

இரண்டு வேலையையும் ஒரே டிரைவ் செய்யாதா என்று கேட்டேன்.

"செய்யும். வண்டியோட சேத்து ஸ்டெப்னியும் காணாமப் போச்சுன்னா இன்னா பண்ணுவே?"

இரண்டாவதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. விவரமானவன் இல்லையா நான்? வேகமான ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருப்பு டப்பா. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மொழுமொழுவென்றிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கேபிள் செருகச் சின்ன வாய். துக்க வீட்டிலிருந்து வழியனுப்புகிறவன் மாதிரி ரஃபீக் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவில் 'ஒரிஜினல்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாக் காட்சிகளையும் அதில் ஏற்றினேன். பிறகு 'பேக்கப்' என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி அதில் ஏற்றினேன். இரண்டும் அதே டிரைவில். சாவி தொலைந்துவிடுமோ என்று பயந்து மாற்றுச்சாவி செய்து, இரண்டையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவனுடைய நிம்மதி எனக்குக் கிடைத்தது. அந்த நிம்மதியோடு நண்பருடைய மெமரி கார்டை அழித்துத் திருப்பிக்கொடுத்தேன். அடுத்த காதுகுத்துக்காக என்னுடையதையும் அழித்தேன். லேப்டாப்பில் இருந்ததையும் அழித்தேன். சுத்தமாக வைத்திருப்பது என் வழக்கம்.

இந்த ஏற்றுமதி சுலபமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை பேரிடம் விசாரித்து வாங்கிய அதிவேக டிரைவ் ஊர்ந்தது. இதற்கு நடந்தே கூடுவாஞ்சேரிக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்றாள் கவிதா. டிரைவோடு வந்த நல்ல கேபிளைப் புதுசு கசங்கக் கூடாது என்று பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஃபோன் சார்ஜ் போடும் பழைய கேபிளை மாட்டியிருக்கிறேன். அவள்தான் பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தாள். மாட்டியதும் டிரைவ் பறந்தது. இதை நான் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

விழா முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பெரிய மாமா இறந்துபோனார். அத்தையின் அண்ணன். குன்றத்தூர்க்காரர். உடம்பு முடியாமல் இருந்தவர், தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுப் புடவையைத் தன் கையால்தான் கொடுப்பேன் என்று சக்கர நாற்காலியில் மண்டபத்துக்கு வந்திருந்தார். போட்டோக்களில் அவர் இருந்தார். ஆனால் அவர் அசைவதும் பேசுவதும் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் மாடியில் துணி எடுக்க வந்த அத்தை என் அறை வாசலில் நின்றார்.

"எனக்கு மத்ததெல்லாம் வேணாம் மாப்ள. அண்ணன் புடவை குடுத்தாரே, அதை மட்டும் ஒருவாட்டி பாத்துட்டா போதும்."

அப்போதே டிரைவை மாட்டிக் காட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனிதன் என்றால் அதைத்தான் செய்திருப்பான். நான் கலைஞன் இல்லையா? அரைகுறையாகக் காட்டக் கூடாது, கொஞ்சம்தான் பாக்கி, முழுசாகவே பாருங்கள் அத்தை என்றேன். அவர் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த நாளும் துணி எடுக்க வந்தார். அதற்கடுத்த நாள் துணியே காயப்போடவில்லை, அப்போதும் வந்தார். நான் வண்ணம் சரி பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னணி இசை தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமனாரே ஒரு நாள் குறித்தார். விஜயதசமி சாயங்காலம். கூடுவாஞ்சேரி சித்தி குடும்பம், குன்றத்தூர்ப் பெரிய மாமா வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு உட்கார்ந்து முடித்துவிடுவதாகத் திட்டம். ஆனால் மாமனார் வீட்டு ஆயுத பூஜை லேசுப்பட்டதில்லை. ரயில்வேயில் பழகிய கை. ஸ்பேனர், சுத்தியல், அரம், அத்தையின் தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, ஸ்கூட்டர், நகவெட்டி வரைக்கும் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பொட்டு நேராக இல்லையென்றால் அழித்துவிட்டுத் திரும்ப வைப்பார். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. போன வருஷம் நான் மறந்துபோய் நகவெட்டியை எடுத்ததற்கு அவர் என்னோடு பொங்கல் வரை சரியாகப் பேசவில்லை.

அதனால் காலையிலேயே என் முடிவு தெளிவாக இருந்தது. கேமராவைப் பூஜைக்குக் கொடுப்பது, லேப்டாப்பையும் டிரைவையும் ஒளித்துவைப்பது. ஒளித்துவைக்கப் போகிற நேரத்தில்தான் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். கேம்ப் ரோட்டில் சென்னைக் கூட்டம் முழுக்கப் பூசணிக்காய் வாங்க வந்திருந்தது. வாழைக்கன்றுக் கட்டுகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. பிறகு பார்த்தால் மாமனார். அவர் கூப்பிட்டால் ஏதோ ஒரு சாமான் விட்டுப்போயிருக்கும். எலுமிச்சம்பழமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் எலுமிச்சம்பழத்துக்காகக் கூப்பிடவில்லை. மாடிக்கு வந்து என் மேஜையில் இருந்ததையெல்லாம் கூடையில் அள்ளியிருக்கிறார். லேப்டாப்புக்கு மூடியின் மேல் பொட்டு, கேமராவுக்கு நெற்றியில் பொட்டு. டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. பொட்டு வைக்க வேண்டுமென்றால் முகம் தெரிய வேண்டும். கவிதாவைக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது, உங்கள் மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வடைக்கு அரைக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஃபோனை எடுக்கவில்லை. ரயில் பெட்டியாக இருந்தாலும் சரி, குழாயாக இருந்தாலும் சரி, திறப்பு இருக்கிற பக்கம்தான் முகம் என்பது ஒரு ஃபிட்டரின் தீர்மானம்.

நான் உள்ளே நுழைந்தபோது கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. கண்ணை மூடிக் கும்பிட்டு, கண்ணைத் திறந்தேன். பித்தளைத் தாம்பாளத்தில், மிக்ஸிக்கும் நகவெட்டிக்கும் நடுவில், என் டிரைவ் இருந்தது. கேபிள் செருகும் வாயின்மேல் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. மற்றதற்கெல்லாம் வைத்ததைவிடப் பெரிது. அதன் நடுவில் குங்குமம். வாய் இருந்த இடமே தெரியவில்லை.

"சாமி கும்பிடும்போது எதுக்கு நாக்கைக் கடிக்கறீங்க?" என்றாள் கவிதா. அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக ஒரு ஓரத்தில் துடைத்துவிடலாம் என்றேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தாம்பாளத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நானும் வடை சாப்பிட்டேன், பாயசம் குடித்தேன். எதற்கும் ருசி தெரியவில்லை. மனம் முழுக்க அந்தச் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்த அடுத்த நொடி டிரைவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பன்னீரில் குழைத்த சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. மேல் சந்தனம் வந்தது, உள்ளே போனது வரவில்லை. பல் குத்தும் குச்சியால் நோண்டினேன். குச்சியின் முனை உடைந்து உள்ளே நின்றது. அதை எடுக்க ஒரு ஊக்கைத் தேடிப் பிடித்தேன். அத்தை காபியோடு வந்தவர், என்ன மாப்பிள்ளை செய்கிறீர்கள் என்றார். சுத்தம் செய்கிறேன் என்றேன். சந்தனம்தானே, வெந்நீரில் போட்டால் கரைந்துவிடுமே என்றார். ஒரு கணம் நான் அதை யோசித்தேன். குளத்தில் எறிந்த வெள்ளைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். கவிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அத்தை போகும்போது, சாயங்காலத்துக்குக் கேசரி கிளறலாமா, அண்ணனுக்குக் கேசரி பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வீடியோ போய்விட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய மாமாவை எங்கே போய் எடுப்பது? அந்த அம்மாள் நாள் தவறாமல் வந்து வாசலில் நின்றபோதெல்லாம் பின்னணி இசை தேடிய என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கவிதாவும் என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

டிரைவைத் துணியில் சுற்றி, கையில் கிடைத்த கேபிளோடு ஒரு டிஃபன் டப்பாவில் வைத்து, ஸ்கூட்டரை எடுத்தேன். விஜயதசமி காலையில் தாம்பரத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் ஊரே போட்டு உடைத்த பூசணிக்காயெல்லாம் ரோட்டில்தான் கிடக்கும். மேற்குப் பக்கம் இறங்கும் திருப்பத்தில் ஸ்கூட்டர் ஒரு பூசணிக்காய் மேல் ஏறி, மிக நிதானமாக, யாரோ தூங்கப்போவது போலச் சாய்ந்தது. எனக்கு அடி இல்லை. டிஃபன் டப்பா திறந்துகொண்டு டிரைவ் உருண்டுபோய் ஒரு ஆட்டோவின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அந்த ஆட்டோக்காரர் இறங்கிவந்து என்னைத் தூக்கிவிட்டார். "பூசணிக்கா மேல வுட்டுகினு வரியே சார், பாத்து வரக் கூடாதா?" என்றார். பிறகு டிரைவை எடுத்துச் சட்டையில் துடைத்து, ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னா சாமி சார் இது?" என்று பக்தியோடு கொடுத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாடியிலிருந்து விழுந்தாலும் தாங்கும், கார் ஏறினாலும் தாங்கும் என்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே மீதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ரஃபீக் கடை திறந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிரைவைத் தொடவும் இல்லை.

"பூஜையில வெச்ச சாமான் மச்சான். உன் மாமனாரை ஒரு வார்த்தை கேட்டுடு. நான் பாட்டுக்கு ஊசிய வுட்டு நோண்டிட்டு, அப்புறம் அவரு மனசு கஷ்டப்படக் கூடாது."

அதுவரை மாமனாருக்கு எதுவும் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் ஃபோன் செய்தேன். பொட்டு வைத்த இடம் முகம் இல்லை மாமா, அதன் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும், வெளியே வரும் என்று சொன்னேன். வேறு காப்பி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, அதுவும் இதற்குள்ளேதான் இருக்கிறது என்றேன். இதைச் சொல்லும்போதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு எனக்கே முழுசாகப் புரிந்தது. ரஃபீக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மாமனாரே ஆட்டோவில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி, சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மறுபூஜை முடிந்துவிட்டது, தாராளமாகத் தொடலாம் என்று ரஃபீக்கிடம் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரிடம் கோபித்துக்கொள்ள நான் வழியெல்லாம் சில வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

"உள்ள மச்சான் இருக்காருன்னு கவிதா சொல்லுச்சு," என்றார் அவர். "அதான் மாப்ள, அதுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலா வெச்சேன்."

அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாமனார் கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாததால் ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

ரஃபீக் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துவைத்து, ஸ்பிரிட்டில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் வேலையை ஆரம்பித்தான். சந்தனம் துகள் துகளாக வந்தது. குச்சியின் முனை வந்தது. பூசணி விதையின் தோல்கூட ஒன்று வந்தது. ஊதினான், காயவைத்தான், மறுபடி பிரஷ்ஷைப் போட்டான். கடை முழுக்கச் சந்தனமும் ஸ்பிரிட்டும் கலந்து ஆஸ்பத்திரியில் கல்யாணம் நடப்பது போல வாசனை. மத்தியானச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கவிதா இரண்டுமுறை ஃபோன் செய்தாள். சித்தி குடும்பம் கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறிவிட்டது என்று சொன்னாள். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு," என்று ரஃபீக் நிமிர்ந்தான். நான் கொண்டுபோன கேபிளைச் செருகினான். ஒன்றுமில்லை. டிரைவில் விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பொருள் வந்ததே தெரியவில்லை. கழற்றி மாட்டினான். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினான். மாமனார் எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அத்தையிடம் இதை யார் சொல்வது என்று யோசித்தேன். நான்தான் சொல்ல வேண்டும்.

ரஃபீக் கேபிளைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது இன்னா கேபிள்?"

டிரைவோடு வந்ததுதான் என்றேன். கொஞ்சம் யோசித்தேன். டிரைவோடு வந்தது தாம்பாளத்தில் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார். அவசரத்தில் நான் அள்ளிவந்தது கவிதாவின் கைவிசிறிக்குச் சார்ஜ் போடுகிற கேபிள். வெயில் காலத்தில் பஸ்ஸில் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிற அந்தச் சின்ன ரோஸ் விசிறி. அந்தக் கேபிளில் கரண்டே ஏதோ கொஞ்சம்தான் போகும், வேறெதுவும் போகாது.

ரஃபீக் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் அவனும் பேசும் நிலையில் இல்லை. இத்தனை நேரம் அந்தக் கேபிள் அவன் மேஜையில், அவன் மூக்குக்குக் கீழேதான் கிடந்தது. தன் கடையிலிருந்து வேறொரு கேபிளைப் பிரித்து மாட்டினான். டிரைவில் வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தது. திரையில் 'ஒரிஜினல்' வந்தது. 'பேக்கப்' வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் வாசலிலிருந்து திரும்பி வந்து திரையைப் பார்த்தார். அதிலிருந்த எழுத்தெல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்த ரெண்டாவது டப்பா ஏதோ சொன்னீங்களாமே. அதை ஒண்ணு குடுங்க," என்றார் ரஃபீக்கிடம். பெரிய, மெதுவான டிரைவ் வந்தது. அதற்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன்.

வீட்டுக்குப் போனால் கூடம் நிறைய ஆட்கள். எடிட்டிங் முடியவில்லை, முடிக்க நேரமும் இல்லை. டிரைவை நேராக டிவியில் மாட்டி, வெட்டாத ஒட்டாத பச்சைக் காட்சியையே போட்டேன். பெரிய மாமா சக்கர நாற்காலியில் வருகிறார். மடியில் தட்டு, தட்டில் அரக்குப் பட்டு. அத்தை குனிந்து வாங்குகிறார், அழுகிறார். பின்னாலிருந்து என் குரல், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க மாமா என்று தொணதொணக்கிறது. படம் ஆடுகிறது.

"கண்ணைத் தொடச்சிக்கம்மா, பட்டுல பட்டா கறை போவாது," என்கிறார் பெரிய மாமா. பிறகு நேராகக் கேமராவைப் பார்க்கிறார். "மாப்ள, நீங்க ஆட்டுற ஆட்டத்துல எனக்கே தலை சுத்துது. என்னை எதுக்கு எடுக்கறீங்க, எந்தங்கச்சிய எடுங்க. நான் எங்க போவப்போறேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை, இன்னொரு தரம் போடுங்க மாப்ள என்றார். போட்டேன். திரும்பவும் கேட்டார். கேசரி ஆறிப்போகும்வரை போட்டேன்.

நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து இழைத்த அந்த எடிட்டில் இந்தப் பேச்சு இல்லை. படம் ஆடுகிறது, என் குரல் விழுகிறது, வேகம் குறைகிறது என்று முதல் நாளே வெட்டிவிட்டேன். புடவை கை மாறும், உடனே புல்லாங்குழல். அந்த எடிட் இன்னும் டிரைவில் இருக்கிறது. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வந்தாலும் பெட்டியைப் பிரித்ததும் மாமனார் என் பக்கம் திரும்புவார். "இதுக்கு முகம் எது மாப்ள?" வாஷிங் மெஷினுக்குக் கேட்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கேட்டார். கவிதாவுக்குப் பெண் பிறந்து, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோதும் கேட்டார். உறவுக்காரர்கள் என்னை எந்த விசேஷத்தில் பார்த்தாலும், வாங்க, கைவிசிறி கேபிள் கொண்டாந்தீங்களா என்றுதான் வரவேற்கிறார்கள்.

மெதுவான டிரைவ் கூடுவாஞ்சேரியில் சித்தி வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. வேகமானது என் மேஜையில். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் அத்தையே வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து அதன் முதுகில் இரண்டு கண் வரைந்துவிட்டார். இனிமேல் யாருக்கும் குழப்பம் வேண்டாம், பொட்டு இந்தக் கண்களுக்கு நடுவில் என்று மாமனாருக்கும் கவிதாவுக்கும் உத்தரவு. எழுதிக்கொண்டிருக்கிற இப்போதும் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டேன். எதற்கும் ஒருமுறை கூடுவாஞ்சேரி போய்வந்துவிடுகிறேன்.